இரண்டு எஞ்சினுக்கும் ஒரே கை

பிலோமினா எதற்கெடுத்தாலும் பதறுகிறவள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். அப்படிப்பட்டவள்தான் சென்னையில் விமானங்களைப் பழுதுபார்க்கும் இடத்தில் மேற்பார்வையாளர். கணவர் இருதயராஜ் அவளுக்குக் கீழே மெக்கானிக். இருபத்தாறு வருட அனுபவம். அங்கே அவரைவிடத் தேர்ந்த கை கிடையாது.

அன்று காலை டீ போட்டதும் அவர்தான். இரண்டு டம்ளரிலும் சர்க்கரை இல்லை.

"பொண்ணு ஊருக்குப் போற நினைப்புல மறந்துட்டேன் பிலோ."

அவள் அப்படியே குடித்துவிட்டாள்.

மகள் ஜாஸ்மின் நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போகிறாள். அவள் ஏறவேண்டிய விமானத்தின் இரண்டு எஞ்சின்களுக்கும் எண்ணெய் மூடி மாற்றவேண்டியிருந்தது. மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் போடவேண்டும். மூடியைத் திருகி இறுக்கிவிட்டால் வளையம் இருக்கிறதா என்று வெளியே தெரியாது.

இடது எஞ்சினை இருதயராஜ் முடித்தார். வலது எஞ்சினுக்கு உரிய ஆள் காய்ச்சல் என்று வரவில்லை.

"நானே போட்டுடறேன். கால் மணி நேர வேலை."

"வேணாங்க. தாம்பரத்திலேர்ந்து தணிகைவேல் வரட்டும்."

"அவனா! வேலைக்கு வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. நம்ம பொண்ணு போற விமானம். என் கைமேல நம்பிக்கை இல்லையா மேடம்?"

"அந்தக் கையை நம்பித்தான் கழுத்தை நீட்டினேன். ஆனா இடது பக்கம் தொட்ட கை வலது பக்கம் தொடக்கூடாது."

இரண்டு மணி நேரம் தாமதம். ஜாஸ்மின் போனில் கத்தினாள்: "அம்மா, இங்க எல்லாரும் கண்டபடி திட்டுறாங்க. அப்பாவையே போடச் சொல்லேன்!"

பிலோமினா இறங்கிவரவில்லை. தணிகைவேல் வந்து போட்டான். விமானம் கிளம்பியது. இருதயராஜ் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

தேர்ந்த கை பக்கத்தில் இருக்க, பழகாத கைக்குக் காத்திருந்தாளே, கணவன் மனைவி இருவரில் யார் சொன்னது சரி? அந்த டீயை மறக்காமல் பதில் சொல்லுங்கள்.

விடை: பிலோமினா சொன்னதுதான். கிளம்பிய அரை மணியில் இடது எஞ்சினில் எண்ணெய் ஒழுகித் தீர்ந்தது. விமானி அதை நிறுத்திவிட்டு, வலது எஞ்சினை வைத்தே விமானத்தைத் திருப்பிப் பத்திரமாக இறக்கினார். மகள் நினைப்பில் இருதயராஜ் வளையத்தைப் போடவில்லை. ஒரு டம்ளரில் சர்க்கரையை மறந்தவர் அடுத்ததிலும் மறந்தாரே! ஒன்று நின்றால் இன்னொன்று காப்பாற்றட்டும் என்றுதான் இரண்டு எஞ்சின் வைக்கிறார்கள். இரண்டிலும் ஒரே தப்பு நேர்ந்தால் அப்புறம் இரண்டு இருந்து என்ன பயன்?

மறுநாள் காலை இருதயராஜ் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தார். தன் டம்ளருக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டு, டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உன்னோடதுக்கு நீ போட்டுக்க, மேடம்."