கல்லீரலுக்குத் தார்ப்பாய் போட்ட கதை

கிட்டங்கித் தெருவில், சரக்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கி ஒன்றில் மூட்டை இறக்கும் ஐந்து லோடுமேன்கள் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருக்கலாம். அதையும் அவர்கள் வழக்கப்படி ஐந்தாகப் பிரித்துக்கொண்டதால், வேலைக்கு ஆகும் அளவுக்கு யாரிடமும் மிஞ்சவில்லை.

அந்த வழக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் வந்து கேட்காதீர்கள். லாரியில் எது வந்தாலும் ஐந்து பங்கு. சுமை, கூலி, டீ, முதலாளியிடம் வாங்கும் திட்டு, எல்லாம் ஐந்து பங்கு. ஒருவன் முதுகில் கூடுதலாக ஏறினால் மற்ற நான்கு பேரும் ஓடிப்போய் இறக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மூட்டையோடு நிறுத்தியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

மேஸ்திரி தங்கப்பழம். மற்றவர்களைவிடக் குரல் பெரியது, அதனால் மேஸ்திரி. அவனுக்குக் கீழே ஊர்க்காவலன், பால்சாமி, சொரிமுத்து. ஐந்தாவது ஆள் வெயிலுமுத்து. வம்பு அவன் கண்ணில் ஆரம்பித்தது.

வெயிலுமுத்துவுக்குக் கண்ணில் புரை விழுந்து, லாரிக்கும் கிட்டங்கி வாசலுக்கும் நடுவே போட்ட பலகை இரண்டாகத் தெரிந்தது. இரண்டில் எதன் மேல் நடக்கலாம் என்று யோசித்தான். இல்லாத பலகையைத் தேர்ந்தெடுத்தான். சீனி மூட்டையோடு சாக்கடையில் போய் உட்கார்ந்தான்.

முதலாளி அண்ணாச்சி கத்தினார்: "ஏலே, கண்ணைச் சரி பண்ணிட்டு வந்து பலகையில ஏறு. அதுவரைக்கும் கீழ சிந்துற சீனியைக் கூட்டி அள்ளு. ரெண்டு மாசம் பாப்பேன். அப்புறமும் இப்படியேன்னா உன் இடத்துக்கு வேற ஆளு போட்டுருவேன்."

மூட்டை சுமந்தே கழுத்து தடித்துப்போன மனுஷன், குனிந்து கையால் சீனி அள்ளினான். தெருவே பார்த்தது. அவனுக்கு அழுகை வந்தது. மற்ற நான்கு பேரும் வழக்கப்படி ஆளுக்குக் கொஞ்சம் அழுது கொடுத்தார்கள்.

பெரியாஸ்பத்திரியில் மாதத்துக்கு ஒரு நாள் கண் ஆப்பரேஷன். ஐந்து பேரும் போனார்கள். டாக்டரம்மா வெயிலுமுத்துவின் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"கண்ணுக்கு முன்னாடி சுகரைப் பாக்கணும். காலையில வெறும் வயித்துல இருநூத்தி முப்பது இருக்கு. நூத்தம்பதுக்குக் கீழ வந்தாத்தான் கத்தி வைப்பேன். அடுத்த மாசம் புதன்கிழமை வாங்க. ராத்திரி அரைச் சாப்பாடு, சாப்பிட்டதும் அரை மணி நேரம் நடை, மாத்திரை தவறக் கூடாது. வீட்லயே மெஷின் வாங்கி டெஸ்ட் பண்ணுங்க. கையை சோப்புப் போட்டுக் கழுவி, விரலைக் குத்தி, ரத்தத்தைப் பட்டையில வைக்கணும். புரியுதா?"

"புரியுதும்மா" என்றார்கள் ஐந்து பேரும். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டதுமே டாக்டரம்மா உஷாராகியிருக்க வேண்டும்.

வெளியே வந்ததும் தங்கப்பழம் கூட்டத்தைக் கூட்டினான்.

"நம்ம ஆளு மேல சுமை ஏறிருக்கு. நம்ம வழக்கம் என்ன?"

"பிரிக்கணும்" என்றான் பால்சாமி.

"நடையிலேர்ந்து பிரிப்போம். அரை மணி நேரத்தை அஞ்சு பேரு பிரிச்சா ஆளுக்கு ஆறு நிமிஷம்."

அன்று சாயங்காலம் வெயிலுமுத்து ஆறு நிமிஷம் நடந்துவிட்டுத் திண்டில் உட்கார்ந்து பீடி குடித்தான். அவன் சுகரைக் குறைக்க மற்ற நான்கு பேரும் முறை வைத்து வியர்க்க வியர்க்க நடந்தார்கள்.

அடுத்தது சாப்பாடு. அரைச் சாப்பாடு என்றால் எல்லாரும் அரைதான் என்று நான்கு பேரும் முடிவு செய்தார்கள். நல்ல மனசு. மிச்ச அரையை என்ன செய்வது? சோற்றை வீணாக்கலாமா? தூக்குச்சட்டியோடு வெயிலுமுத்து வீட்டுக்கு வந்தார்கள். அவன் தன் அரையைத் தின்று, தங்கப்பழத்தின் அரை, ஊர்க்காவலனின் அரை என்று போய்க்கொண்டிருந்தபோது அவன் பெண்டாட்டி மாரிக்கனி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இது என்னய்யா, பந்தியா?"

"அரைச் சாப்பாடுதான் மதினி. யாரு வீட்டு அரைன்னு டாக்டரம்மா சொல்லல" என்றான் தங்கப்பழம்.

மாரிக்கனி கரண்டியை எடுத்தாள். நான்கு பேரும் தூக்குச்சட்டியை விட்டுவிட்டு ஓடினார்கள். ஓட்டத்தோடு ஓட்டமாக, மாத்திரையை ஐந்தாக உடைக்க பாக்குவெட்டி கொண்டுவந்திருந்த சொரிமுத்து, அதையும் விட்டுவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை மாரிக்கனியே அளந்து வைத்தாள். மாத்திரையை அவளே எடுத்துக் கொடுத்தாள். அரை மணி நேரமும் கூடவே நடந்தாள், வாயை மூடாமல் புருஷனைத் திட்டிக்கொண்டே. கதையில் இதுதான் வைத்தியம். மீதி முழுக்கக் கிறுக்குத்தனம். ஆனால் நீங்கள் கிறுக்குத்தனத்துக்காகத்தான் வந்திருக்கிறீர்கள், சரி, வாருங்கள்.

மெஷினை மட்டும் அந்தக் கூட்டத்தின் கையில் அவள் விட்டுவிட்டாள். அது அவளுடைய தப்பு.

ராத்திரி வீட்டில் டெஸ்ட் செய்தால் நூற்று அறுபது, நூற்று ஐம்பது என்று இறங்கிக்கொண்டே வந்தது. காலையில் அவன் சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிவிடுவான். லாரியில் மூட்டை இறங்கும், அவன் சிந்தின சீனியை அள்ளுவான், வேலை முடிந்ததும் வெறும் வயிற்றோடு கிட்டங்கி வாசலிலேயே டெஸ்ட். மூட்டை இறக்கும்போது ஒருவன் கொக்கி, ஒருவன் தூக்கு, ஒருவன் சுமை, ஒருவன் அடுக்கு என்று பிரித்துத்தானே செய்வார்கள்? இதையும் அப்படியே பிரித்தார்கள்.

"பால்சாமி, நீ கை கழுவு. சொரிமுத்து, நீ குத்து. ஊர்க்காவலா, நீ பட்டையைப் பிடி. நான் நம்பர் வாசிக்கிறேன்" என்றான் தங்கப்பழம்.

பால்சாமி முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினான். நகத்துக்குள் எல்லாம் தேய்த்தான். ஆஸ்பத்திரி நர்ஸ்கூட அப்படிக் கழுவியிருக்க மாட்டாள். "கழுவியாச்சு" என்று ஈரக் கையைத் தூக்கிக் காட்டினான். உடனே சொரிமுத்து, அதுவரை சீனி அள்ளிக்கொண்டிருந்த வெயிலுமுத்துவின் விரலைப் பிடித்துக் குத்தினான்.

"நானூத்திப் பத்து!" என்று அலறினான் தங்கப்பழம்.

பத்தாவது தாண்டாத எனக்கே தெரிகிறது. விரலில் சீனி ஒட்டியிருந்தால் மெஷின் சீனியைத்தான் காட்டும். அவர்களுக்குத் தெரியவில்லை. தினமும் இதே கூத்து. தினமும் பால்சாமியின் கை பளபளவென்று இருந்தது.

வெயிலுமுத்துவுக்கு முகம் செத்துவிட்டது. "கண்ணு போச்சு மாப்ள. இனிமே நான் சாகுற வரைக்கும் விளக்குமாறுதான்."

தங்கப்பழம் தாடையைச் சொறிந்தான். "ராத்திரி நூத்தம்பது. காலையில நானூறு. அப்ப ராத்திரியில யாரோ ஏத்திருக்கான். ஆள் இல்லாம எந்தச் சரக்காவது தானா ஏறுமா?"

"ஏறாது" என்றார்கள் மூவரும்.

"மேலத்தெரு லோடுமேன் பயலுவதான்" என்றான் ஊர்க்காவலன். "நம்ம எல்லைக்குள்ள வந்து ஏத்திட்டுப் போயிருக்கானுவ."

மேலத்தெருவோடு சண்டைக்குப் போவதற்குள், நல்லவேளையாக, மாரிக்கனி அவர்களை டாக்டரம்மாவிடம் விரட்டினாள். டாக்டரம்மா நம்பரைக் கேட்டுப் புருவத்தைச் சுளித்தார்.

"கையைக் கழுவிட்டுத்தானே குத்துனீங்க?"

"சத்தியமா கழுவினோம்மா" என்றான் பால்சாமி. அவன் பொய் சொல்லவில்லை.

"விடியக்காலையில எல்லாருக்கும் கொஞ்சம் ஏறும். உடம்பு எந்திரிக்கத் தயாராகும்ல, அப்ப கல்லீரல் சேத்து வச்ச சக்கரையை ரத்தத்துல இறக்கி விடும். உங்களுக்கு இது ரொம்ப அதிகமா இருக்கே. புதன்கிழமை இங்கயே டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம். வந்துருங்க."

திரும்பி வரும் வழியில் நான்கு பேரும் வெயிலுமுத்துவின் வயிற்றையே முறைத்துக்கொண்டு நடந்தார்கள். எதிரி மேலத்தெருவில் இல்லை, வெயிலுமுத்துவின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறான் என்றால் சும்மாவா?

"யாரைக் கேட்டு இறக்குது அது?" என்றான் தங்கப்பழம் கடைசியில். "நாம இருக்கும்போது, தனி ஆளா, விடியுறதுக்கு முன்னாடி சரக்கு இறக்குறது என்ன நியாயம்?"

"கூலியும் கேக்கல" என்றான் சொரிமுத்து. "கூலி கேக்காம இறக்குறவனை நம்பவே கூடாது."

"பேசிப் பாப்பமா?"

ஊர்க்காவலன் வெயிலுமுத்துவின் வலது விலாவுக்குப் பக்கத்தில் குனிந்து மரியாதையாகவே கேட்டுப் பார்த்தான். பதில் இல்லை. வெயிலுமுத்துவுக்குக் கூச்சம்தான் வந்தது.

"திமிர்" என்றான் ஊர்க்காவலன்.

"ஏலே, டாக்டரம்மா என்ன சொன்னாங்க?" என்றான் பால்சாமி மெதுவாக. "விடியக்காலையிலதான் இறக்கும்னாங்க. அப்ப விடிஞ்சதே அதுக்குத் தெரியலைன்னா?"

எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்து துண்டு மூளையில் பெரிய துண்டு அவனிடம் இருந்தது அன்றுதான் தெரிந்தது.

"அது எப்படித் தெரிஞ்சுக்குது?" என்றான் சொரிமுத்து. "கல்லீரலுக்குக் கண்ணு எங்க இருக்கு?"

"வெயிலுமுத்து கண்ணுதான் அதுக்கும் கண்ணு" என்றான் பால்சாமி.

"அதுலதான் புரையாச்சே."

"வெளிச்சம் தெரியும்ல. பலகைதான் தெரியாது."

இதற்குமேல் விவாதிக்க எதுவும் இல்லை என்று முடிவாயிற்று. லாரிக்குப் போடும் தார்ப்பாயை எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மாரிக்கனி அளந்து வைத்த சாப்பாட்டைத் தின்று, மாத்திரையைப் போட்டு, நடந்துவிட்டு வந்த வெயிலுமுத்துவை உள்ளே வைத்துச் சுருட்டிக் கயிறு கட்டினார்கள். மூச்சு விட மட்டும் ஒரு பக்கம் திறப்பு. கூவினால் கல்லீரலுக்குக் காதில் விழுமே என்று அடுத்த வீட்டுச் சேவலைத் தூக்கிக்கொண்டு போய் சொரிமுத்து ஊருக்கு வெளியே கட்டிவிட்டு வந்தான். வெயிலுமுத்துவின் காதில் பஞ்சு வைத்தார்கள்.

"மூச்சு முட்டி எம் புருஷன் செத்தான்னா, நாலு பேரையும் இதே தார்ப்பாயில சுருட்டுவேன்" என்று சொல்லிவிட்டு மாரிக்கனி திறப்புக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்தாள்.

புதன்கிழமை அவன் சீனி அள்ளப் போகவில்லை. நேராக ஆஸ்பத்திரி. பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியாக விடிந்துவிடும் என்பதால், நான்கு பேரும் அவனைச் சுருட்டியபடியே தோளில் தூக்கிக்கொண்டு கடைவீதி வழியாக நடந்தார்கள். எதிரே வந்த இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். தார்ப்பாய் தும்மியதும் ஓடினார்கள்.

நர்ஸ் ஒரு விரலை மட்டும் வெளியே இழுத்து, பஞ்சில் மருந்து தொட்டு நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்தினாள்.

"நூத்தி முப்பத்தெட்டு."

கிட்டங்கிக் கூட்டம் போட்ட சத்தத்தில் வார்டில் தூங்கிக்கொண்டிருந்த கிழவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். மாரிக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு மாதமாக அளந்து சோறு போட்டு, மாத்திரை கொடுத்து, கால் தேய நடந்தவள் அவள். டாக்டரம்மா "நல்லா கவனிச்சிருக்கீங்க" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். தங்கப்பழம் நடுவில் புகுந்து, "தார்ப்பாய்மா" என்று அடக்கமாகச் சொன்னான்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் வெயிலுமுத்து டாக்டரம்மாவின் மேஜையைப் பார்த்து, "ஒண்ணுதான் இருக்கு" என்று அழுதுவிட்டான். வெளிச்சம் கூசாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். "ஒரு மாசத்துக்குச் சுமை தூக்கக் கூடாது. வெளியே போனா கண்ணாடியைக் கழட்டக் கூடாது" என்றார் டாக்டரம்மா. அண்ணாச்சியும் வந்து பார்த்துவிட்டு, "மாசம் கழிச்சு வா, பலகை உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கேயே முடித்திருக்கலாம். அவர்கள் விடவில்லை.

ஒரு காலையில் சீனி லாரி வந்தது. வெயிலுமுத்து பங்கையும் சேர்த்து நான்கு பேரே இறக்கினார்கள். இறக்கி முடித்து மூட்டை மேல் சாய்ந்தபோது மெஷின் கண்ணில் பட்டது. சும்மா ஒரு தடவை நமக்கும் பார்ப்போமே என்றான் ஊர்க்காவலன். கை கழுவுகிறவன் கொக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதனால் அன்று அந்த வேலையும் நடக்கவில்லை.

தங்கப்பழத்துக்கு ஐந்நூற்று இருபது. ஊர்க்காவலனுக்கு நானூற்று எண்பது. சொரிமுத்துவுக்கும் பால்சாமிக்கும் அதே கதி.

யாரும் பயப்படவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

"பாத்தியா?" என்றான் தங்கப்பழம், கண் கலங்க. "வெயிலுமுத்து மேல இருந்த சுகரு எங்கயும் போகல. நம்ம வழக்கப்படி நம்ம மேல வந்து இறங்கிருக்கு."

"சரியாப் பிரிஞ்சிருக்கு" என்றான் பால்சாமி.

"நாளைக்கு வேற லோடு வருது. அதுக்குள்ள இந்தச் சுகரை இறக்கணும். இப்பவே தார்ப்பாய்க்குள்ள படுத்துருவோம். நமக்கும் விடியாமப் பாத்துக்கணும்."

மறுநாள் சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. தெருவை அடைத்துக்கொண்டு இரண்டு லாரிகள் நின்றன. கிட்டங்கி நடுவே ஒரு பெரிய தார்ப்பாய் மூட்டையாகக் கிடந்தது. உள்ளே நான்கு பேர். வெளியே காவலுக்கு வெயிலுமுத்து, புதுக் கண்ணோடு, கறுப்புக் கண்ணாடியோடு.

அண்ணாச்சி காலால் தரையை உதைத்தார். "ஏலே எந்திரிங்கடா! மணி பன்னெண்டு ஆச்சு!"

தார்ப்பாய்க்குள் முணுமுணுவென்று பேச்சு நடந்தது. பிறகு தங்கப்பழத்தின் குரல் வந்தது.

"அண்ணாச்சி பேச்சை நம்ப முடியாது. அவருக்கு வேலை நடக்கணும். மாப்ள வெயிலுமுத்து, நீதான் புதுசாக் கண்ணு வாங்கினவன். நீ பாத்துச் சொல்லு. விடிஞ்சிருச்சா?"

வெயிலுமுத்து வாசலுக்கு வந்தான். கறுப்புக் கண்ணாடியைச் சரியாக ஏற்றிவிட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தி, கொளுத்துகிற வானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிதானமாகப் பார்த்தான்.

"இல்ல மாப்ள. நல்ல இருட்டு. தூங்குங்க."