வெண்ணெய் உருகுவதைப் பார்த்திராத மகாராஜா

மஞ்சநல்லூர் மகாராஜா கஜேந்திர பூபதிக்கு எந்தக் குறையும் கிடையாது. ஆனாலும் மனுஷருக்குக் காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. எழுந்தால் குளிக்கப் பிடிக்கவில்லை. வேட்டைக்குக் கூப்பிட்டால், "அதே காடு, அதே மான். போங்கள் ஐயா!" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

நமக்கு அலுப்பு வந்தால் யார் கேட்கிறார்கள்? ராஜாவுக்கு வந்தால் சும்மா விடுவார்களா? வைத்தியர் கஷாயம் கொடுத்தார். ஜோசியர் கட்டிலைத் திருப்பிப் போட்டார். பிரதானி சம்புநாதர் இருக்கிறாரே, அவர் எல்லோருக்கும் ஒரு படி மேல். பத்துப் பேரைச் சேர்த்து உற்சாகப் படை என்று ஒன்றை அமைத்துவிட்டார். விடிந்ததும் அவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, "இன்று இனிய நாள்! மகாராஜா எழுவார்! மகாராஜா சிரிப்பார்!" என்று கத்த வேண்டும். நாலாம் நாள் மகாராஜா எழத்தான் எழுந்தார். எழுந்து, வெற்றிலைத் தட்டை எடுத்து வீசினார். படைத்தலைவனுக்கு நெற்றி புடைத்துவிட்டது.

கடைசியில் பழி மடைப்பள்ளியில் போய் விழுந்தது.

"சாப்பாட்டில் ருசியே இல்லை, அதனால்தான் எல்லாமே சப்பென்று இருக்கிறது" என்றார் மகாராஜா. "வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எனக்கு நாக்கில் ருசி தெரிய வேண்டும். இல்லாவிட்டால் சமையற்காரன் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டட்டும்!"

சமையற்காரர் வரதையன் ஆஸ்தானப் புலவர் அம்பலத்தாடியிடம் அழுதுகொண்டு ஓடினார்.

"சுவாமி, என் சம்சாரத்துக்கு இது எட்டாம் மாசம். எல்லை வரைக்கும் எப்படி நடப்பா? என் கைப்பக்குவத்துல என்ன குறை? ருசி பார்க்கிற பிச்சாண்டியைக் கேளுங்க. இலையைத் தின்னாத குறையா வழிச்சுச் சாப்பிடுறான்!"

அம்பலத்தாடி யோசித்தார். பிச்சாண்டியை அவருக்குத் தெரியும். கன்னம் பளபளக்கும், வாயில் எப்போதும் ஒரு பாட்டு. அந்த அரண்மனையில் வேலைக்கு ஓடி வருகிறவன் அவன் ஒருவன்தான்.

அவன் வேலை என்ன தெரியுமா? ராஜாவின் சாப்பாட்டில் விஷம் இருக்கிறதா என்று தின்று பார்ப்பது. பிரதானி எழுதிய சட்டம் அது. பிச்சாண்டி அடுப்படியில் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட வேண்டும். பிறகு மூன்று நாழிகை எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவன் சாகவில்லை என்றால், ஏழு வாசலிலும் முத்திரை பார்த்து, குடை பிடித்து, மேளம் கொட்டிச் சாப்பாடு மேலே போகும். போய்ச் சேரும்போது அடையில் செருப்புத் தைக்கலாம். இதை யார் வாய்விட்டுச் சொல்வது? சொன்னால், ராஜாவின் உயிரோடு விளையாடுகிறான் என்று பிரதானி உள்ளே தள்ளிவிடுவார்.

வியாழக்கிழமை அம்பலத்தாடி பிச்சாண்டியைக் கூப்பிட்டார். "ஏண்டா, உன் அக்கா மகளுக்குக் கல்யாணமாமே? போய்விட்டு வாடா!"

வெள்ளிக்கிழமை வெயில் ஏறியது. மேலே சாப்பாடு போகவில்லை.

"எங்கேய்யா சாப்பாடு?" என்றார் மகாராஜா.

"சமைத்தாகிவிட்டது மகாராஜா. ருசி பார்க்கிறவன்தான் ஊரில் இல்லை" என்றார் அம்பலத்தாடி.

"வேறு ஆளைப் போடுங்கள்!"

பிரதானி தொண்டையைச் செருமினார். "புதிய ஆளுக்கு ஜாதகம் பார்க்க வேண்டும். குலம் விசாரிக்க வேண்டும். சத்தியம் வாங்க வேண்டும். மூன்று நாளாகும்."

"மூன்று நாளா? அதுவரைக்கும் நான் காற்றையா குடிப்பது? நீர் தின்று பாருமே!"

"நானா?" பிரதானிக்கு வியர்த்தது. "எனக்குக் காலையிலிருந்து வயிற்றுக் கடுப்பு, மகாராஜா."

உச்சிப்பொழுதானது. மகாராஜாவின் வயிறு சபை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியது. "அட போங்கடா! நானே தின்று பார்த்துக்கொள்கிறேன்!"

"ஆகா! ராஜா ருசி பார்க்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை" என்றார் அம்பலத்தாடி. "ஆனால் ருசி பார்க்கிறவர் அடுப்படியில்தான் உட்கார வேண்டும்."

மகாராஜா கிரீடத்தைக் கழற்றி அவர் கையில் திணித்துவிட்டு மடைப்பள்ளிக்கு ஓடினார். ஆமாம், ஓடினார்! மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வரதையன் கல்லிலிருந்து ஒரு அடையை எடுத்து இலையில் போட்டார். மேலே ஒரு உருண்டை வெண்ணெய் வைத்தார்.

"ஐயையோ! வெண்ணெய் ஓடுகிறது!" என்று கத்தினார் மகாராஜா.

"அது உருகுது மகாராஜா" என்றார் வரதையன்.

"இது உருகுமா?"

விரல் சுட்டது. நாக்கு சுட்டது. ஊதி ஊதித் தின்றார். மூக்கில் நீர் வழிந்தது. "ஓரத்தில் மொறுமொறுவென்று இருக்கிறதே, அந்த மாதிரி இன்னொன்று போடும். வெல்லம் எங்கே?" ஒன்பது அடை உள்ளே போயிற்று. பிறகு தாமே கரண்டியை வாங்கி ஒன்று வார்த்தார். அது தோசையா, பணியாரமா என்று யாருக்கும் விளங்கவில்லை. அதையும் அவரே தின்றார்.

"வரதையரே, நீர் எங்கேயும் போக வேண்டாம். உம்முடைய சம்சாரத்துக்கும் இங்கிருந்தே சாப்பாடு போகட்டும்" என்றார். வரதையன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மூன்று நாழிகை ஆயிற்று. பிரதானி வாசலில் வந்து நின்றார். "மகாராஜா சாகவில்லை. ராஜபோஜனத்தை மேலே கொண்டு போகலாமா?"

"தாராளமாக! குடை, மேளம் எல்லாம் இருக்கட்டும். இனி தினமும் அதை மேலே உட்கார்ந்து நீரே சாப்பிடும். உம்முடைய சட்டம் வீணாகக் கூடாது பாரும்" என்றார் மகாராஜா.

மறுநாள் உற்சாகப் படை வந்தபோது கட்டில் காலி. மகாராஜா விடியுமுன்பே எழுந்து, குளித்து, அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பத்துப் பேரையும் மாவாட்டப் போட்டார்.

அம்பலத்தாடியைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரித்தார். "ஓய் புலவரே! என்ன வேண்டுமோ கேளும், தருகிறேன்."

"பெரிதாக ஒன்றும் வேண்டாம் மகாராஜா. பிச்சாண்டி வரும்வரை அந்த ருசி பார்க்கிற வேலையை எனக்கு..."

மகாராஜா இலையைச் சட்டென்று தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சிம்மாசனம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளும், அது காலியாகத்தான் கிடக்கிறது. இந்த வேலையை மட்டும் கேட்காதேயும்!"