புதுசா மாத்தியாச்சு!

மதுரை பைபாஸில் பழைய கார் விற்கும் நாகசுந்தரம், எதைக் கேட்டாலும் "புதுசா மாத்தியாச்சு!" என்பார்.

"இந்தக் கறுப்பு ஸ்போர்ட்ஸ் செடான் ஆறு சிலிண்டர். பதினெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. சிவப்பு நாலு சிலிண்டர், எண்பதாயிரம் ஓடின கிழடு. டிரைவரெல்லாம் பானெட்டைத் தொடக்கூடாது!"

"தொடாமலே சொல்லு, எதை வாங்கலாம்? தப்பாப் போச்சுன்னா உனக்கு வேலை இல்லை" என்று தன் டிரைவரிடம் உறுமினார், கார் வாங்க வந்த முதலாளி.

டிரைவர் இருளப்பன் நாகசுந்தரத்திடம் பவ்யமாகக் கேட்டான்: "கறுப்புக்கு இன்ஜின்ல ஓடுற டைமிங் பெல்ட் எப்படிங்கய்யா?"

"போன மாசம்தான் புதுசா மாத்தியாச்சு! பழசு தேஞ்சு நூல்நூலா வந்துருச்சு!"

"லட்சம் கிலோமீட்டராவது ஓடினாத்தானே அது அப்படித் தேயும்? மிச்ச ஓட்டமெல்லாம் எங்கய்யா போச்சு?" என்றபடி சிவப்பு வண்டியின் சாவியை எடுத்தான் இருளப்பன்.

முதலாளி நாகசுந்தரத்தின் பக்கம் திரும்பினார்.

"அடப்பாவி! மீட்டரையுமா புதுசா மாத்தினே?"