பூஜை போட்ட சாப்பாடு

கருவேலங்கோட்டை ராஜா உத்தமராயருக்கு ஏடு என்றால் உயிர். படிக்கத்தான் மாட்டார், மற்றபடி விழுந்து விழுந்து கும்பிடுவார். அரண்மனைச் சுவடிச்சாலையில் தினமும் மூன்று வேளை பூஜை. ஏடுகளுக்குப் பட்டு, சந்தனம், மல்லிகை மாலை. பூஜையில் வைத்த ஏட்டை எடுத்துப் படிக்கலாமா? கூடாதே! ஆகவே, ஊரெல்லாம் சரஸ்வதி பூஜைக்கு ஒருநாள் ஏட்டை மூடி வைத்தால், அங்கே வருஷம் முழுக்க மூடியே கிடந்தது.

அந்த ராஜாவின் ஆஸ்தான வித்துவான் பிச்சாண்டிக் கவிராயர். புலமை கொஞ்சம், தொந்தி அதிகம். இதை ஊர் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிச் சிரித்துவிடுவார். ஒருநாள் உழவர்கள் சிலர் அவரைத் தேடிச் சுவடிச்சாலை வாசலுக்கு வந்தார்கள். ஓலையில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் கையெழுத்துக்குப் பதில் கீறல் போட்டு நிலத்தைப் பறிகொடுத்தவர்கள்.

"சாமி, எங்களுக்கு நாலு எழுத்து சொல்லிக் கொடுக்க ஏற்பாடு பண்ணுங்க. இல்லேன்னா மிச்சமிருக்கிற நிலமும் போயிடும்" என்று அழுதார்கள். கவிராயருக்கும் அழுகை வந்துவிட்டது.

நேரே ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, சுவடிச்சாலையைத் திறந்து அதிலே ஒரு பள்ளிக்கூடம் வையுங்கள். வாத்தியார்களுக்குச் சம்பளம் கொடுத்தால் போதும்."

"கல்விக்கு நான் அள்ளிக் கொடுக்கவில்லையா?" என்று சீறினார் ராஜா. "பூச்செலவு என்ன, சந்தனச் செலவு என்ன! இந்த வருஷம் கதவுக்கு வெள்ளித் தகடு வேறு அடிக்கப் போகிறேன். இன்னொரு தரம் இந்தப் பேச்சை எடுத்தால் உமக்கு ஆஸ்தானம் கிடையாது!"

கவிராயர் திரும்பி நடந்தார். இந்த வேலை போனால் தம் கவிதைக்கு வேறு எவனும் சோறு போடமாட்டான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மடைப்பள்ளிக்குப் போய்ச் சமையற்காரர் காதில் ஏதோ ஓதினார்.

மத்தியானம் ராஜா நல்ல பசியோடு பந்தியில் உட்கார்ந்தார். தலைவாழை இலையில் நெய் மணக்கும் பருப்பு, மிளகுக் குழம்பு, கத்தரிக்காய் வதக்கல். கை வைக்கப் போனார். கவிராயர் குறுக்கே வந்து இலையைச் சுற்றி மாலை போட்டார். மணி அடித்தார். கற்பூரம் காட்டினார். "தூக்குங்கப்பா!" என்றார். இலை உள்ளே போய்விட்டது.

"ஓய்! என் சாப்பாடு எங்கே?"

"பத்திரமாகப் பூட்டி வைத்தாயிற்று, மகாராஜா. அன்னம் தெய்வமல்லவா?"

"பூஜை முடிந்தால் எடுத்துப் பரிமாற வேண்டாமா? மாலையைப் பார்த்தால் பசி தீருமா?"

ஆஸ்தானம் போனாலும் போகட்டும் என்று கவிராயர் சொல்லிவிட்டார்: "சுவடிச்சாலை வாசலில் நிற்கிற உழவர்களும் இதையேதான் கேட்கிறார்கள், மகாராஜா."

ராஜா முறைத்தார். திடீரென்று ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"வெள்ளித் தகடு வேண்டாம். அந்தப் பணமெல்லாம் வாத்தியார்களுக்கு. சுவடிச்சாலையை நாளைக்கே திறங்கள். அதற்கு முன்னால் என் சோற்றைத் திறங்கள்!"

வயிறாரச் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு ராஜா சொன்னார்: "கவிராயரே, உமக்கும் ஒரு மரியாதை செய்ய வேண்டும். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும், ஊர் முழுக்க முதலில் படிக்கப்போவது நீர் எழுதிய காவியத்தைத்தான்!"

கவிராயர் பதறிப்போய் ராஜாவின் காலில் விழுந்தார்.

"ஐயோ மகாராஜா, அதற்கு மட்டும் பூஜையே போதும்!"