இடைப்பட்ட படங்கள்

தணிகாசலம் முப்பது வருடம் போலீஸ் போட்டோகிராபர். ஐம்பத்தாறு வயதில் அவரைத் தடய ஆய்வகத்தின் வீடியோ பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் ரெஜினா. தணிகாசலத்தின் மகளைவிட இரண்டு வயது சின்னவர். அதில் அவருக்குக் கூச்சமில்லை. தெரியாததைக் கேட்டுவிடுவார்.

அன்று வந்தது ஒரு சாயப்பட்டறை வழக்கு. கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளி தவசி, விஷவாயு தாக்கி, தட்டுத்தடுமாறி மேலே வந்து தரையில் சாய்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. விழுந்த மாத்திரத்தில் உயிர் போய்விட்டது என்றது நிர்வாகம். அத்தாட்சியாக, கேமரா பதிவிலிருந்து நிமிடத்துக்கு ஒன்றாக இருபது படங்களை எடுத்துக் கொடுத்திருந்தது.

தணிகாசலம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே கிடை. ‘அசைவில்லை’ என்று அறிக்கை எழுதி நீட்டினார்.

ரெஜினா அதைக் கையில் வாங்கவில்லை. பட்டறையில் பறிமுதல் செய்த முழுப் பதிவைத் திறந்தார். வீடியோவின் ஒவ்வொரு படமும் கோப்பில் எவ்வளவு இடம் பிடித்தது என்பது திரையில் கோடுகளாக நின்றது. பத்து வினாடிக்கு ஒரு நெட்டைக் கோடு. நடுவே புல் மாதிரி குட்டைக் கோடுகள்.

“இதெல்லாம் ஏன் மேடம் இவ்வளவு சின்னதா இருக்கு?”

“நெட்டையா இருக்கிறதுதான் முழுப் படம் சார். நடுவுல வர்றதுல, முந்தின படத்திலேர்ந்து என்ன மாறிச்சோ அது மட்டும்தான் இருக்கும்.”

“ஒண்ணுமே மாறலைன்னா?”

“கோடு தரையோட படுத்துடும்.”

தவசி விழுந்த இடத்துக்கு அப்புறம் குட்டைக் கோடுகள் படுத்திருந்தன. கொஞ்ச தூரத்தில் எழும்பின. படுத்தன. மறுபடி எழும்பின.

“இங்க ஏன் எழும்புது?”

ரெஜினா அந்த இடத்தை ஓடவிட்டார். தவசியின் வலக்கை மெல்ல உயர்ந்தது. வாசலைப் பார்த்து இரண்டு முறை ஆடியது. விழுந்தது.

எழும்பிய இடங்களையெல்லாம் தணிகாசலம் தானே ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் அந்தக் கை. நிர்வாகம் கொடுத்த இருபதிலும் அது தரையில்தான் கிடந்தது. பத்தொன்பதாவது நிமிடத்தில் கோடுகள் படுத்தன. அப்புறம் எழும்பவில்லை.

வெளியே பெஞ்சில் தவசியின் மனைவி பேச்சியம்மாள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்.

தணிகாசலம் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“கஷ்டப்படாம போயிட்டாருன்னு அந்தம்மா நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அப்படியே விட்டுடலாமே மேடம்?”

ரெஜினா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பத்தொன்பது நிமிஷம் கூப்பிட்டிருக்காரு சார். இன்னும் யாரும் போகலை.”