குணாளன் ஏறாத ஏணி

தூத்துக்குடி பெயின்டர் சகாயமேரி ஆன்லைனில் வாங்கிய அலுமினிய ஏணி, கால் வைத்ததுமே ஆடியது. திருப்பி எடுக்கச் சொன்னாள். "விற்றதைத் திருப்பி எடுப்பதில்லை, அது எங்கள் விதி" என்றார் விற்ற முதலாளி குணாளன்.

சகாயமேரி ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு நுகர்வோர் ஆணையத்துக்கே போனாள்.

அங்கே குணாளன் கோட்டைச் சரிசெய்தபடி, "ஏணியில் குறையே இல்லை. இந்தம்மாவுக்கு ஏறத் தெரியலை" என்றார்.

இருபது வருஷமாகச் சாரத்தில் நின்று மாடிமாடியாக வர்ணம் அடித்தவள் சிரித்தாள். "அப்போ நீங்களே ஏறிக் காட்டுங்க சார்."

குணாளன் முதல் படியில் கால் வைத்தார். ஏணி ஆடியது. காலை எடுத்துக்கொண்டார்.

"குறையுள்ள பொருளுக்கு உங்கள் விதி செல்லாது. திருப்பி எடுத்தே ஆகணும்" என்றார் ஆணையத் தலைவர்.

"நாளைக்கு ஆள் அனுப்புறேன்" என்று முனகினார் குணாளன்.

"ஆள் எதுக்கு சார்? நான் ஒத்தையாத்தான சுமந்துட்டு வந்தேன்."

குணாளன் ஏணியைத் தோளில் ஏற்றினார். சகாயமேரி கைவீசி நடந்தாள்.