வேட்டி பாய்ச்சிய தண்ணீர்

ஆறுகளுக்கே வழி காட்டியவன் என்று பீற்றிக்கொள்வார் ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர் தில்லைநாயகம். அவர் வீட்டுக் கூடத்தில் அறுபது தொட்டிச் செடிகள். ஒவ்வொன்றுக்கும் டம்ளரில் மொண்டு ஊற்றியே வேலைக்காரி அஞ்சுகத்துக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"நாளைக்குக் கல்யாணத்துக்குக் கிளம்புறேன், வர நாலு நாளாகும். சாவியை யார்கிட்டயும் தரமாட்டேன். ஒரு செடி வாடியிருந்தாலும் உனக்கு இங்க வேலை இல்ல" என்றார்.

"பூட்டின வீட்டுக்குள்ள எப்படிங்கய்யா தண்ணி ஊத்துறது?"

"அது உன் பாடு."

"சரிங்கய்யா. தரை துடைக்கப் பழைய வேட்டி ரெண்டு குடுங்க."

மறுநாள் காலை அவர் தலைக்குச் சாயம் பூசி, குளித்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் அஞ்சுகம் குழாயடிக்கும் கூடத்துக்குமாக வாளியும் கையுமாய் ஓடினாள். வாசலில் கார் ஹார்ன் அடித்துத் தீர்த்தது. பெட்டியோடு பாய்ந்து வந்தவர், கூடத்தைத் திரும்பிக்கூடப் பாராமல் அவளை வெளியே விரட்டிக் கதவைப் பூட்டி, பூட்டுக்கு அரக்கு முத்திரையும் வைத்தார்.

நாலாம் நாள் வந்து பார்த்தால் அரக்கு அப்படியே இருந்தது. உள்ளே ஒரு இலைகூடத் தொங்கவில்லை.

"கள்ளச்சாவி போட்டியாடி?"

"அரக்கு உடையலையேங்கய்யா!"

அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார். முக்காலிகள்மேல் வாளிகள், அவற்றைச் சுற்றித் தொட்டிகள். வாளியிலிருந்து ஒவ்வொரு தொட்டிக்கும் நீளமாகக் கிழித்த ஈரத் துணி ஒன்று இறங்கியது.

"விளக்குத் திரியில எண்ணெய் ஏறுதே, துணியில தண்ணி ஏறாதாங்கய்யா?"

"இது என் வேட்டியாச்சே!"

"ஆமாங்கய்யா. உங்களோடது ஒண்ணு இந்த வீட்டுல வேலை செஞ்சு இன்னிக்குத்தான் பாக்குறேன்."

பொறியாளர் அலமாரியைத் திறந்து, இன்னும் இரண்டு வேட்டி எடுத்துக் கொடுத்தார்.